போறதுதான் போறோம்

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடித்ததில்லை. அவர் இருந்தபோதும் பிடிக்கவில்லை, போன பிறகும் பிடிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காகக் கடைசியில் மனசு இளகிவிடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சமயநல்லூர் மெயின்ரோட்டில் அவருக்கு மோட்டார் கடை. புதிதாக போர்வெல் போடுகிறவர்கள், கிணற்று மோட்டார் எரிந்துபோனவர்கள் என்று சுற்றுப்பட்டு விவசாயிகள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். நல்ல உயரமான ஆள். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலைகளை இடது உள்ளங்கையில் நீலப் பேனாவால் எழுதிவைத்திருப்பார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது வலது கையை மட்டும்தான் குழாயடியில் நீட்டுவார்.

எந்த ஊருக்கும் அவர் ஒரே வேலைக்காகப் போனதில்லை. துக்க வீட்டுக்குப் போனால் அந்த ஊரில் யாருக்கு மோட்டார் ஓடவில்லை என்று விசாரித்துவிட்டுத்தான் மாலையைப் போடுவார். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். "போறதுதான் போறோம், அப்படியே..." என்று ஆரம்பிப்பார். அந்த 'அப்படியே'வுக்குப் பிறகு என்ன வரும் என்று கூடப் போகிறவர்களுக்குத் தெரியாது.

அக்காவுக்குக் கல்யாணமானபோது எனக்குப் பதினைந்து வயது. கொடைக்கானலுக்குத் தேனிலவு போனார்கள். வழியில் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தி, அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டுக் கிணற்றில் இறங்கியவர் பொழுது சாயும்போதுதான் மேலே வந்தாராம். அவர்கள் ஆல்பத்தில் தேனிலவின் முதல் படத்தில் அக்கா பட்டுப் புடவையோடு மோட்டார் ரூம் வாசலில் நிற்கிறாள். பின்னால் ஏரியும் இல்லை, மேகமும் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் எல்லோருக்கும் காட்டுவாள். நானும் சிரித்திருக்கிறேன்.

அப்பாவின் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போன அன்றைக்கு அந்தச் சிரிப்பு நின்றது. அத்தானின் வண்டி. முன்சீட்டில் அம்மா, மடியில் கலயம். பின்னால் நானும் அக்காவும். மானாமதுரை தாண்டியதும் வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு மண்பாதையில் போனது. ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல பாப்பா, ஒரு மோட்டார இறக்கிட்டுப் போயிருவோம். போறதுதான் போறோம்ல" என்றார். வண்டியின் பின்பக்கம் சாக்கில் சுற்றி ஒரு மோட்டார் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவும் ஐந்து எச்.பி. மோட்டாரும் ஒரே வண்டியில் கிளம்பியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அம்மா கலயத்தைக் கீழே வைக்க மாட்டாமல் ஒரு கையால் இளநீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் சண்டை போட்டேன். "வண்டி அவருது. கூப்பிட்டவுடனே வந்தாருல்ல. வேற யாரு வந்தா?" என்றாள் அம்மா.

அது உண்மைதான். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் எந்த நேரம் போன் போட்டாலும் அத்தான் வருவார். அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பார், சவரம் செய்துவிடுவார். "எதுக்குங்க சிரமம்" என்று அம்மா சொன்னால், "வழிதானே" என்பார். சமயநல்லூர் மதுரைக்கு வடமேற்கே இருக்கிறது, எங்கள் வீடு தெற்கே வில்லாபுரத்தில். எந்த வழிக்கும் அது வழியில்லை. ஆனாலும் வந்து பத்து நிமிஷத்தில் போன் எடுத்து, "இங்கதான் வில்லாபுரத்துல இருக்கேன், அப்படியே அவனியாபுரம் வந்து பாத்துடுறேன்" என்று யாரிடமாவது பேச ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டுக்காக வந்து போன் செய்கிறாரா, போனில் பேசிய வேலைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று கடைசி வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

நான் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். காலையிலிருந்து வரிசையாக ஆட்களின் நரம்பைத் தேடி ஊசி குத்தும் வேலை. அங்கே நர்ஸாக இருந்த சகாயமேரிதான் என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுகிற குழுவில் சேர்த்துவிட்டாள். மேலூர்ப் பக்கத்துப் பாறைகளில் ஏறுவோம். பாறையில் இருக்கும்போது கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பு வராது. முப்பத்தைந்து வயது ஆகியும் கல்யாணம் ஆகாத ஒருத்திக்கு அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று பஸ்ஸில், ஆபீஸில், கோயிலில் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். பாறை என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நாலு வருடம் ஏறிய பிறகு குழுவில் ஒரு பேச்சு வந்தது. மலேசியாவில், போர்னியோ தீவில் கினபாலு என்று ஒரு மலை. நாலாயிரம் மீட்டருக்கு மேல். உச்சி முழுக்கக் கருங்கல். ரெண்டு நாளில் ஏறி இறங்கிவிடலாம். எட்டுப் பேர் பெயர் கொடுத்தோம். அம்மா ஒரே பிடியாக நின்றாள். கூட வீட்டு ஆள் இல்லாமல் கடல் தாண்டக் கூடாது. நான் பேசாமல் இருந்தேன், அவளும் பேசாமல் இருந்தாள். ஒரு வாரம் அப்படியே போனது. எட்டாம் நாள் அத்தான் வந்து உட்கார்ந்தார்.

"நான் வாரேன் துணைக்கு. ஆனா ரெண்டு நாள் மலைக்காகவா கடல் தாண்டுறது? போறதுதான் போறோம், அப்படியே சிங்கப்பூர்ல நாலு நாள் சுத்திப் பாத்துட்டு வந்துருவோம். ஒங்க அக்காளும்தான் எங்க போயிருக்கா?"

கடைசி வாக்கியம் சரியான இடத்தில் பட்டது. அக்கா கொடைக்கானலுக்கு அப்புறம் எங்கேயும் போனதில்லை. சரி என்று சொன்னேன். அம்மா உடனே அடுப்படிக்குப் போய்க் காபி போட்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சமாதானம் ஆனதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மலையடிவார விடுதியில் அக்காவைக் கம்பளிக்குள் விட்டுவிட்டு நாங்கள் ஏறினோம். அத்தான் மூச்சு வாங்காமல் ஏறினார். பயிற்சி எதுவும் கிடையாது. சின்ன வயதில் கிணறு கிணறாக ஏறி இறங்கிய கால். முதல் நாள் மாலை நாங்கள் தங்குகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் படுக்கையில் சரிந்தார்கள். அவர் கட்டடத்துக்குப் பின்பக்கம் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இம்புட்டு உயரத்துக்குத் தண்ணிய எப்படி ஏத்துறான்னு பாத்தேன். மோட்டாரே கெடையாது பாப்பா. மேல இருந்து தானா வருது." குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

மறுநாள் விடியும் முன்பே கிளம்பி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறினோம். என் கையுறை நனைந்து விரல்கள் மரத்துப்போயின. கயிறு கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படியே நின்றுவிட்டேன். வழிகாட்டியாக வந்த பெண், திரும்பிவிடலாமா என்று கேட்டாள். அத்தான் தன் கையுறைகளைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். அவர் தலையில் கட்டியிருந்த விளக்கின் வெளிச்சத்தில் அவருடைய இடது உள்ளங்கை தெரிந்தது. சாக்லேட், குடை, ஞாயிறு 12 மணி. "நாலு வருசமா ஏறுற. இங்க வந்து நிக்கலாமா? ஏறு" என்றார். வெறுங்கையை அக்குளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்தார்.

அந்த ஒரு காலை மட்டும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இத்தனை வருடமும் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

உச்சியில் சூரியன் எங்களுக்குப் பின்னால் எழுந்தது. எதிர்ப்பக்கம் மேகத்தின் மேல் மலையின் நிழல் முக்கோணமாக, தொடுவானம் வரைக்கும் விழுந்து கிடந்தது. அந்த நிழலின் நுனியில் நான் நிற்கிறேன். அங்கே நிற்கிறவள் யாருக்கும் மகள் இல்லை, யாருக்கும் கொழுந்தியாள் இல்லை. அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அத்தான் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "பாப்பா, இங்கிட்டுப் பாரு. குல்லாயக் கழட்டு, மொகம் தெரியல." கழற்றினேன். என் வாழ்க்கையிலேயே அப்படிச் சிரித்து ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. அவர் படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பாறையில் அங்கும் இங்கும் நடந்தார். டவர் தேடுகிறார், அக்காவுக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது என் ரெண்டு முட்டிகளும் வீங்கிவிட்டன. என் பையையும் அவர்தான் தூக்கி வந்தார். மறுநாள் குழுவினர் ஊருக்குத் திரும்பினார்கள். சகாயமேரி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். நாங்கள் மூன்று பேரும் சிங்கப்பூருக்குப் போனோம்.

அங்கே ரயில் நிலையத்துப் படிகளில் நான் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன். நேராக இறங்க முட்டி விடவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்குவாள். ஓட்டுநர் இல்லாத ரயிலில் முன்கண்ணாடியோரம் போய் நின்று, சுரங்கம் எதிரே வருவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு பெரிய கண்ணாடிக் கூடாரத்துக்குள் செயற்கையாக மலை கட்டி, அருவியும் விட்டிருந்தார்கள். லிஃப்டில் உச்சிக்குப் போய் நடந்து இறங்க வேண்டும். அத்தான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத மொதல்ல பாத்திருந்தா அங்க போயி அம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்க வேணாம். லிஃப்டே வச்சிருக்கான் பாரு" என்றார். அக்கா சிரித்தாள். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தெரிந்தவர் வீட்டில் சாப்பாடு என்றார் அத்தான். நான் பேண்ட் சட்டையில் தயாராக நின்றேன். அக்கா பெட்டியின் அடியிலிருந்து என் பட்டுப் புடவையை எடுத்தாள். மதுரையில் என் பீரோவில் இருந்த புடவை. பிளவுஸும் இருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"சும்மா எடுத்துட்டு வந்தேன். கட்டிக்கயேன், நல்லாருக்கும்."

"அக்கா, யாரு வீடு அது?"

அவள் மல்லிகைப் பூவைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தைக் காட்டவில்லை. "போயிட்டுத்தான் வருவோமே. பிடிக்கலன்னா ஒண்ணுமில்ல" என்றாள். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாளாக என் கையைப் பிடித்துப் படியிறங்க வைத்தவள் அவள். நான் மறுத்தால் அத்தான் மீதி நாளெல்லாம் அவளைத்தான் குதறுவார். புடவையைக் கட்டினேன்.

பதினோராவது மாடி வீடு. அம்மாவும் மகனும். மகனுக்கு நாற்பத்தைந்து இருக்கும், மனைவி இறந்து ஆறு வருடம். பூர்வீகம் எங்கள் பக்கம்தான். கூடத்தில் பெரிய டிவி. சாம்பார் பரிமாறிவிட்டு அந்த அம்மா மகனிடம், "அந்தப் போட்டோவப் போடுப்பா, எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். அவர் தயங்கினார். அத்தான், "போடுங்க தம்பி" என்றார்.

டிவி முழுக்க நான் நின்றேன். குல்லாய் இல்லாமல், காற்றில் தலை கலைந்து, பின்னால் மேகங்களோடு. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அனுப்பிய நேரம்கூடக் கீழே தெரிந்தது. காலை ஆறு மணி பத்து நிமிஷம். என் கன்னத்தில் ஈரம் காய்வதற்குள் அனுப்பியிருக்கிறார்.

அந்த அம்மா டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "போட்டோல இம்புட்டு லட்சணமாச் சிரிக்குது. நேர்ல சிரிக்க மாட்டேங்குதே" என்றாள்.

நான் சோற்றுக் கையோடு எழுந்தேன். அந்த மனிதரைப் பார்த்து, "மன்னிச்சிருங்க. இங்க எதுக்கு வாரோம்னு எனக்குத் தெரியாது. அந்தப் படத்த அழிச்சிருங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்குச் சம்மதம்னு சொன்னாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் எதிரிலேயே அழித்து, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த வீட்டில் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

லிஃப்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம்.

"மலைக்கு ஏன் வந்தீங்க அத்தான்?"

"ஒனக்குத் துணைக்கு."

"துணைக்கா?"

"அதுக்கும்தான், இதுக்கும்தான். இதுக்குன்னு மட்டும் கூப்பிட்டா நீ வந்திருப்பியா? மலைக்குன்னு மட்டும் நான் ஏம்மா வரணும்?" கோபமே இல்லாமல் கேட்டார். "ஒங்கப்பா இருந்து செய்ய வேண்டியத நான் செஞ்சேன். தப்புன்னா சொல்லு."

"எங்கப்பா என்னயக் கேட்டிருப்பாரு."

"கேட்டுக் கேட்டுத்தான் ஒனக்கு முப்பத்தஞ்சாச்சு."

அக்கா லிஃப்டின் நம்பர்கள் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரைத்தளம் வந்ததும் நான் தனியாக நடந்தேன். ரயிலில் ஏறி, அது முடிகிற நிலையம் வரை போய், அங்கிருந்து திரும்பினேன். பட்டுப் புடவையில் படியைப் பின்பக்கமாக இறங்குகிறவளை எல்லோரும் பார்த்தார்கள். கையைப் பிடிக்க ஆள் இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊருக்கு வந்த மறுமாதம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துத் தனியாகப் போனேன். அம்மாவைப் பார்க்க வாராவாரம் போவேன், அத்தான் வண்டி வாசலில் நின்றால் தெருமுனையோடு திரும்பிவிடுவேன். அவரோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க கொழுந்தியாள நாலாயிரம் மீட்டர் ஏத்திக் கூட்டியாந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதுவும் பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

ரெண்டு வருடம் கழித்து ஒருநாள் காலை டோக்கன் நம்பரைக் கூப்பிட்டேன். அத்தான் வந்து உட்கார்ந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. கையை நீட்டச் சொல்லி ரப்பர் பட்டையைக் கட்டினேன். கிணறு ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு நரம்பு நன்றாகப் புடைத்துத் தெரியும். அவருக்குத் தேட வேண்டியிருந்தது.

"அந்தச் சிங்கப்பூர்த் தம்பி வேற கல்யாணம் பண்ணிட்டாப்ல" என்றார்.

"கைய மடக்குங்க."

"நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"பஞ்ச அழுத்திப் பிடிங்க. அஞ்சு நிமிஷம்."

அவருடைய ரத்தத்தை மெஷினில் வைத்தது நான்தான். சிறுநீரகம் ரெண்டும் கெட்டுப்போயிருந்ததை அவர் குடும்பத்தில் முதலில் தெரிந்துகொண்டதும் நான்தான். ரிசல்ட் தாளை மற்ற தாள்களோடு தட்டில் வைத்துவிட்டு, வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். ரெண்டு வருடத்தில் அவளிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதே மருத்துவமனை, மேல்மாடி. நாலு மணி நேரம் ஒரே இடத்தில் படுத்திருக்க வேண்டும். படுத்தபடியே போனில் மோட்டார் விற்றார். பக்கத்துக் கட்டில்காரர் தோட்டத்துக்கு இவர் கடையிலிருந்துதான் பைப் போனது. அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து கடைச் சாவிக் கொத்தை உருட்டிக்கொண்டிருப்பாள். ரத்த மாதிரி எடுக்க நான் போவேன். எல்லா நோயாளிகளிடமும் பேசுகிற அளவுக்கு அவரிடமும் பேசுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசி மாதங்களில் ஒருநாள் அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் சோதனைக் குழாயில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தானின் போன் தலையணைக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது.

"பாப்பா."

நிமிர்ந்தேன்.

"அந்த மலைல, மேல நின்னு எதையோ பாத்து அழுதியே. என்ன அது? நான் சரியாப் பாக்கல. டவரு கெடைக்கலன்னு சுத்திக்கிட்டு இருந்தேன்."

கேலியாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு எந்த வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் காத்திருந்தார். மேகத்தின் மேல் விழுந்த நிழலை அவருக்குச் சொல்ல ரெண்டு வாக்கியம் போதும். எனக்கு அது வாய்வரைக்கும் வந்தது.

"மேகந்தான்" என்றேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் குழாய்களை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

மூன்று வாரத்தில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு இதை அக்காவிடம் சொன்னேன். "சொல்லியிருக்கலாம்லடி" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். அப்புறம் அக்கா என்னிடம் அது என்னவென்று கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.